தொழில்: வீட்டு வேலை

தென்மாங்குடி,
நன்னிலம் தாலுக்கா.
4-10-1973

டாக்டர் அமிர்தலிங்கம் அவர்களுக்கு, தென்மாங்குடி அம்சவல்லி எழுதிக்கொண்டது.

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதிக்கொடுத்த சீட்டினால் என் வீடு போகப்போகிறது.

யார் இந்த அம்சவல்லி என்று யோசிப்பீர்கள். ஆவணி கடைசியில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று தடவை கைப்புண்ணோடு வந்தவள். முதல் தடவை வேறொரு சின்ன டாக்டர் இருந்தார். மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே கையைப் பார்த்துவிட்டு ஊதா மருந்து தடவச் சொன்னார். கை முழுக்க ஊதாவாகி ஊரே சிரித்தது. இரண்டாம் தடவை அவரே படர்தாமரை என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார். போட்ட இடம் மிளகாய் அரைத்த மாதிரி எரிந்து, தோல் உரிந்து நீர் கசிந்தது. மூன்றாம் தடவைதான் நீங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "இது கரப்பான்மா, படர்தாமரை இல்ல" என்றீர்கள். பொய் சொல்லக்கூடாது, உங்கள் களிம்பில் நாலு நாளில் கசிவு நின்றது. அரிப்பும் பாதி குறைந்தது.

அதோடு விட்டிருக்கலாம். "நாலு வாரத்துக்குத் தண்ணியில கை வைக்காத, சேத்துல எறங்காத" என்றீர்கள். சம்பா நடவு தொடங்குகிற நேரம். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "ஒங்க பண்ணையில காஞ்ச வேலையா குடுக்கச் சொல்லு, நான் எழுதித் தரேன்" என்று எழுதி, சீல் வைத்துக் கொடுத்தீர்கள். அது எனக்கு மனப்பாடம். "இவருக்குக் கைகளில் நாள்பட்ட கரப்பான் நோய் உள்ளது. சேறு, நீர் சம்பந்தப்பட்ட வேலைகளுக்குத் தகுதியற்றவர்."

நானும் புத்திகெட்டுப்போய் அதைப் பண்ணைக் காரியக்காரரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "டாக்டரே சொல்லிட்டாரு, இனிமே வயலுக்கு வராத" என்றார். காய்ந்த வேலையும் இல்லை, ஈர வேலையும் இல்லை.

அது கூடப் போகட்டும். கவர்மெண்டு போட்ட குடியிருப்புச் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பண்ணை மனையில் குடிசை போட்டு, எழுபத்தொன்றாம் வருஷம் ஜூன் மாதத்தில் அதில் குடியிருந்த விவசாயக் கூலிக்கு அந்த மனை சொந்தம். என் புருஷன் முருகையன் எழுபதிலேயே இறந்துவிட்டார். அதனால் மனு என் பெயரில். நானும் என் மகள் ராசம்மாளும் இருக்கிற இடம் அது ஒன்றுதான். போன திங்கட்கிழமை விசாரணை நடந்தது. காரியக்காரர் பையிலிருந்து உங்கள் சீட்டை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார்.

"இவ விவசாயக் கூலியே இல்லீங்க. நாள்பட்ட வியாதின்னு கவர்மெண்டு டாக்டரே எழுதிருக்காரு. எழுபத்தொண்ணுலயே இவ சேத்துல கால் வச்சதில்ல. புருஷன் செத்தவளாச்சேன்னு பண்ணை வீட்டுல கூட்டிப் பெருக்கவிட்டு, எரக்கப்பட்டு இருக்க வச்சிருந்தோம்."

எனக்கு முப்பத்தொரு வயது. பதினாலு வயதிலிருந்து அந்தப் பண்ணையில் நட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் நடவுக் கும்பலில் பதினோரு பெண்கள் வந்து அதைச் சொன்னார்கள். "இவங்களும் மனு போட்டவங்கதானே, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்க. காயிதம் ஏதும் இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி. நடவு நட்டதற்கு யார் எங்களுக்குக் காயிதம் கொடுத்தார்கள்? அங்கே இருந்த ஒரே காயிதம் உங்களுடையது.

அடுத்த விசாரணை நவம்பர் பன்னிரண்டு. அதற்குள் அந்தச் சீட்டு தப்பு என்று இன்னொரு சீட்டு எழுதி அனுப்புங்கள். உங்கள் விலாசத்தைக் கம்பவுண்டர் தங்கமணி கொடுத்தார்.

இப்படிக்கு,
மு. அம்சவல்லி

பி.கு. யாரையோ விட்டு எழுதியது என்று நினைக்க வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் சங்கத்து மனுக்களெல்லாம் நான் எழுதுவதுதான்.


டாக்டர்கள் விடுதி,
தஞ்சாவூர்.
9-10-1973

அம்சவல்லி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்களை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிராமப் பயிற்சியில் பார்த்த நோயாளிகளில் ஒருவரைப் பற்றி எங்கள் மருத்துவக் கல்லூரி சீஃப் முன்னால் விளக்க வேண்டும் என்பது விதி. நான் உங்கள் கையைத்தான் எடுத்துக்கொண்டேன். எனக்கு முன் உங்களைப் பார்த்தவர் பூஞ்சை என்று நினைத்ததை நான் கரப்பான் என்று கண்டுபிடித்ததற்காக எல்லார் முன்னாலும் பாராட்டினார். ஆகவே உங்களை மறந்துவிட்டேன் என்று நீங்கள் கோபப்பட நியாயம் இல்லை.

உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நான் எழுதியதில் மருத்துவ ரீதியாக ஒரு தப்பும் இல்லை. அந்தக் கையோடு நாள் முழுக்கச் சேற்றில் நின்றால் எந்தக் களிம்பும் நிற்காது. நாள்பட்ட என்பது எங்கள் வழக்கில் ஒரு சாதாரண வார்த்தை. ஆறு வாரத்துக்கு மேல் இருந்தால் அப்படித்தான் எழுதுவோம். அதை யாரோ வேறு விதமாகப் பயன்படுத்தினால் அதற்கு டாக்டர் என்ன செய்ய முடியும்? உங்கள் நல்லதுக்காக, யாரும் கேட்காமலே, நானாக எழுதிக் கொடுத்தேன். அதற்கு இப்படி ஒரு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

கொடுத்த சான்றிதழைத் தப்பு என்று எழுதித் தருவது என்னால் ஆகாது. பயிற்சி முடிந்து சீஃப் கையெழுத்துப் போட வேண்டிய நேரம் இது. சுகாதார நிலையத்தின் பெரிய டாக்டரைப் போய்ப் பாருங்கள்.

களிம்பைக் காலை, மாலை இரண்டு வேளையும் போடுகிறீர்களா? சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கக் கூடாது. சாணி கரைக்கக் கூடாது. சலவை சோப்பு கூடாது. வேப்பெண்ணெய், மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். கை ஆறுகிறதா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
டாக்டர் இரா. அமிர்தலிங்கம்


தென்மாங்குடி
15-10-1973

டாக்டர் அவர்களுக்கு,

முதலில் ஒன்று. அங்கே உட்கார்ந்திருந்தபோது "வாம்மா, கைய நீட்டு, எறங்காத" என்றீர்கள். தஞ்சாவூர் போனதும் நான் "நீங்கள்" ஆகிவிட்டேன். தபாலில் மரியாதை வருகிறது, நேரில் வருவதில்லை.

என் கையைக் காட்டி நீங்கள் பாராட்டு வாங்கினீர்கள். சந்தோஷம். அதே கையைக் காட்டி என் மனையைப் பிடுங்குகிறார்கள். அதற்கு டாக்டர் என்ன செய்ய முடியும் என்கிறீர்கள். இதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பின்பக்கம் மனு எழுத ஆகும் என்று வைத்துக்கொண்டேன்.

நாள்பட்ட என்றால் ஆறு வாரம் என்கிறீர்கள். இது உங்களுக்குத் தெரியும், சீஃபுக்குத் தெரியும். அந்த அதிகாரிக்குத் தெரியுமா? அதைச் சொல்ல அங்கே யார் இருந்தார்கள்? நீங்கள் எழுதிய இரண்டு வரியில் ஆறு வாரம் என்று எழுதியிருந்தால் உங்கள் பேனா தேய்ந்தா போயிருக்கும்?

சாம்பல் கூடாது, சாணி கூடாது, சேறு கூடாது, தண்ணீர் கூடாது. கை இருக்கிறதே, அதை என்ன செய்வது என்று மட்டும் எழுதவில்லை. நடவு எங்களுக்கு நாற்பது நாள். அந்த நாற்பது நாளில் நாலு வாரத்தை எடுத்து வை என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? காய்ந்த வேலை கொடுக்கச் சொல் என்கிறீர்கள். புரட்டாசி, ஐப்பசியில் இந்தப் பக்கம் காய்ந்த வேலை எங்கே இருக்கிறது? நீங்கள் தங்கியிருந்த குவார்ட்டர்ஸைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர் நின்றதே, ஒரு நாளாவது ஜன்னலைத் திறந்து பார்த்தீர்களா?

பண்ணையில் விரட்டியதும் நான் பக்கத்து ஊர் அப்துல் ஹமீது ராவுத்தர் வயலில் போய் நட்டேன். "புண்ணு கையோட எறங்குறியேம்மா" என்று அவர் கேட்டார். அவர் வரப்பில் நின்று பார்த்துக் கேட்டார். வந்து சாட்சி சொல்கிறேன் என்றும் சொல்கிறார். ஆனால் இந்த வருஷம் நட்டதற்குத்தான் அவர் சாட்சி. எழுபத்தொன்றுக்கு யார் சாட்சி? கிழக்கே ஆட்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியதற்கே சாட்சி போதாது என்று இந்த வருஷம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நான் நட்டதற்கு எங்கே போவேன்?

பெரிய டாக்டரையும் பார்த்தேன். "அவன் எழுதினத அவன்கிட்ட கேளு" என்றார்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொண்டாலும் சரி. இதே புண் உங்கள் அம்மா கையில் வந்திருந்தால் அவர்களையும் வேலைக்குத் தகுதியற்றவர் என்று எழுதிக் கொடுத்திருப்பீர்களா?

மு. அம்சவல்லி


தஞ்சாவூர்
22-10-1973

அம்சவல்லி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். முதல் இரண்டு தடவை பதில் எழுதக்கூடாது என்று இருந்தேன்.

என் அம்மா பெயர் எல்லையம்மாள். நாகப்பட்டினத்தில் மீனை உப்புப் போட்டுக் கருவாடு காய வைக்கிறவர். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கை அப்படித்தான். அதற்குப் பெயர் உண்டு, அதற்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு என்று படித்தபோது கூட எனக்கு அம்மா கை ஞாபகம் வரவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் வந்தது. உப்பில் கை வைக்காதே என்று நான் அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் துடைப்பத்தால் அடித்திருப்பார்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன்.

இதோடு ஒரு டியூப் அனுப்புகிறேன். அங்கே கொட்டாங்குச்சியில் வழித்துக் கொடுத்த களிம்பைவிட இது நல்லது. நீங்கள் கேட்ட மாதிரி, கையை என்ன செய்வது என்றும் எழுதுகிறேன். வயலுக்கு இறங்குமுன் தேங்காயெண்ணெயைக் கெட்டியாகப் பூசிக்கொள்ளுங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசி, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். களிம்பு படுக்கும்போது போட்டால் போதும். புத்தகத்தில் இப்படி இல்லை. இதை நானாகத்தான் யோசித்தேன்.

இன்னொன்று. நம் சுகாதார நிலையத்து ரெஜிஸ்டரில் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் உங்கள் தொழில் எழுதியிருக்கும். எழுபத்தொன்றாம் வருஷம் ஏதாவது வைத்தியத்துக்கு அங்கே வந்தீர்களா? வந்திருந்தால் அதைவிட நல்ல காயிதம் உங்களுக்குக் கிடைக்காது. அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட்டுப் போய்ப் பார்க்கிறேன். தேதி ஞாபகம் இருந்தால் உடனே எழுதுங்கள்.

அமிர்தலிங்கம்


தென்மாங்குடி
27-10-1973

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

எழுபத்தொன்று ஆடி மாதம், குறுவை நடவு முடிகிற சமயம், காலில் சேற்றுப்புண் வந்து நடக்க முடியாமல் வந்தேன். தேதி தெரியாது. ஆடிப்பெருக்குக்கு இரண்டு மூன்று நாள் முன்னால். பாருங்கள்.

டியூபைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் இல்லை. யோசித்துத்தான் அனுப்பினேன். உங்கள் மருந்து கேட்கிறது. அதுதான் தொந்தரவு. பன்னிரண்டாம் தேதிக்குள் கை ஆறிவிட்டால் நான் எதைக் காட்டுவேன்? பண்ணை வீட்டில் கூட்டிப் பெருக்கியவள் கை எப்படி இருக்கும், பதினேழு வருஷம் நாற்று நட்டவள் கை எப்படி இருக்கும் என்று அந்த அதிகாரி கண்ணால் பார்க்கட்டும். காயிதம் கேட்டார் அல்லவா? என்னிடம் இருக்கிற காயிதம் இது ஒன்றுதான். அதனால் மூன்று நாளாக மருந்தை நிறுத்திவிட்டேன். மறுபடி கசிய ஆரம்பித்துவிட்டது. இந்தக் கடிதத்தில் மஞ்சளாகத் தெரிகிற கறை அதுதான். சோறு பிசைய முடியவில்லை. ராசம்மாள்தான் ஊட்டுகிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை கையால் சாப்பிடுகிற வெட்கத்தையும் பார்த்துக்கொண்டேன்.

விசாரணை முடிந்ததும் டியூபை வாங்கிக்கொள்கிறேன். அதுவரை உங்களிடமே இருக்கட்டும்.

மு. அம்சவல்லி


தஞ்சாவூர்
3-11-1973

அம்சவல்லி அவர்களுக்கு,

தயவுசெய்து மருந்தை நிறுத்தாதீர்கள். புண்ணில் சீழ் பிடித்தால் விரல் மடங்காமல் போய்விடும். இதை ஒரு டாக்டராகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

நேற்று சுகாதார நிலையத்துக்குப் போனேன். தங்கமணி பழைய ரெஜிஸ்டர்களை எடுத்துப் போட்டார். பெரிய டாக்டர் நன்னிலத்தில் மீட்டிங் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. எழுபத்தொன்று, ஜூலை முப்பத்தொன்றாம் தேதி. உங்கள் பெயர் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன். "அம்சவல்லி, பெண், 29, தென்மாங்குடி. சேற்றுப்புண், இரு கால்களும். தொழில்: வீட்டு வேலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்னும் பின்னும் புரட்டினேன். அந்த மாதம் முழுக்க வந்த பெண்கள் எல்லாருக்கும் வீட்டு வேலைதான். வீட்டு வேலை என்று மேலே ஒரு தடவை எழுதி, கீழே வரிசையாக இரண்டிரண்டு புள்ளி. "பொம்பளைங்கன்னா அப்படித்தான் சார் எழுதுறது, யாரு ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டு இருக்குறது?" என்றார் தங்கமணி. கோபமாக அவரை ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் இந்த வருஷத்து ரெஜிஸ்டரைத் திறந்தேன். நான் இருந்த மூன்று மாதமும் அதே புள்ளிகள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். கையில் கரப்பான் என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதுதான். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. நீங்கள் நடவு ஆள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குச் சீட்டே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் சீஃப் முன்னால் விளக்கும்போது அதைச் சொல்லவில்லை. ஆங்கிலப் புத்தகத்தில் பாத்திரம் கழுவுகிற குடும்பப் பெண்ணின் கைக்கரப்பான் என்றுதான் போட்டிருக்கிறது. நாற்று நடுகிறவள் அதில் இல்லை. புத்தகத்தில் இல்லாததைச் சொன்னால் குறுக்குக் கேள்வி வரும் என்று, என் நோட்டில் தொழில் என்ற இடத்தில் வீட்டு வேலை, சோப்பு, சாணி என்று எழுதினேன். அதற்குத்தான் அந்தப் பாராட்டு.

காரியக்காரர் சொன்ன பொய்யை அவருக்கு முன்பே நான் என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். இந்த ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு அங்கே வந்தால் உங்களுக்குக் கெடுதல்தான். என்ன செய்வது என்று தெரியவில்லை.

அமிர்தலிங்கம்


(அஞ்சலட்டை)

6-11-1973

டாக்டர் அவர்களுக்கு, எழுதியதை நீங்களே படிக்க மாட்டீர்களா? "சேற்றுப்புண், இரு கால்களும். தொழில்: வீட்டு வேலை." பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டைக் கூட்டுகிறவளுக்கு ஆடி மாதம் இரண்டு காலிலும் சேற்றுப்புண் எங்கிருந்து வரும்? பண்ணை வீட்டுக் கூடத்தில் சேறு கட்டி வைத்திருக்கிறார்களா? இதை அங்கே வந்து சொல்லுங்கள். ஆறு வாரத்தையும் சொல்லுங்கள். 12-ஆம் தேதி, திங்கள், காலை பத்து மணி. ரெஜிஸ்டர் இல்லாமல் வர வேண்டாம். மு.அ.


தென்மாங்குடி
15-11-1973

டாக்டர் அவர்களுக்கு,

வந்தீர்கள். அதற்கு நன்றி. லீவு கேட்டுக் கிடைக்காமல் சொல்லாமல் கிளம்பி வந்தீர்கள் என்று தங்கமணி சொன்னார். அதற்கும் நன்றி.

அதிகாரி, "ஒங்க ரெஜிஸ்டரே வீட்டு வேலைன்னு சொல்லுதே, எது பொய்?" என்று கேட்டபோது, நீங்கள் மழுப்புவீர்கள் என்று நினைத்தேன். "புண்ணு நெஜம் சார், தொழில் பொய். அந்தப் பொய்ய எழுதினவங்கள்ல நானும் ஒருத்தன்" என்றீர்கள். காரியக்காரர் முகம் போன போக்கை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். பதினோரு பேரும் பார்த்தார்கள். வருகிற வழியெல்லாம் அந்த முகத்தை நடித்துக் காட்டிக்கொண்டே வந்தார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பேச்சுக்கு நடுவில் என் கையைப் பிடித்துத் தூக்கி அத்தனை பேர் முன்னாலும் காட்டினீர்கள். இந்தக் கட்டைவிரலும் இரண்டு விரலும் நாற்றைச் சேற்றில் ஊன்றுகிற விரல்கள், இடது கை நாற்று முடியைப் பிடிக்கிற கை, அதனால்தான் புண் இந்த இடங்களில் மட்டும் இருக்கிறது என்று அழகாகத்தான் சொன்னீர்கள். நான் நட்ட பதினேழு வருஷத்தில் யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. ஆனால் கையைக் கேட்டு வாங்கினீர்களா? சந்தையில் மாட்டு வாயைப் பிளந்து பல்லைக் காட்டுகிற மாதிரி இருந்தது. காட்டத்தான் அந்தக் கையை வைத்திருந்தேன். காட்ட வேண்டியவள் நான். சீஃப் முன்னால் ஒரு தடவை, அதிகாரி முன்னால் ஒரு தடவை. என் கை எப்போதும் உங்கள் கேஸாகவே இருக்கிறது.

உத்தரவு பிறகு வரும் என்று எழுதிக்கொண்டார்கள். டியூபை வாங்கிக்கொண்டேன், அன்றைக்கே போட்டேன்.

மு. அம்சவல்லி


தஞ்சாவூர்
25-11-1973

அம்சவல்லி அவர்களுக்கு,

உங்கள் கையைக் கேட்காமல் பிடித்தது தப்பு. அந்த நேரத்தில் எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. அதுதான் எனக்கு இப்போது உறுத்துகிறது. மன்னிக்க வேண்டும்.

ரெஜிஸ்டரை வெளியே எடுத்துக்கொண்டு வந்ததற்காகப் பெரிய டாக்டர் புகார் எழுதிவிட்டார். சீஃப் கூப்பிட்டு, "உன் வேலை வைத்தியமா, வக்கீல் தொழிலா?" என்று கேட்டார். நோயாளியின் தொழில் என்ன என்று கேட்டது வைத்தியம்தான் என்று சொன்னேன். கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இன்னும் இரண்டு மாதம் கிராமப் பயிற்சி செய்ய வேண்டுமாம், திருப்பனந்தாள் பக்கம். மற்றவர்கள் பரிதாபப்படுகிறார்கள். எனக்குச் சீஃப் மேல் கோபம் இருக்கிறது. பாராட்டியபோது அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை என்பதும் ஞாபகம் வருகிறது.

போகுமுன் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். அங்கே ஆஸ்பத்திரிச் சீட்டில் அவருக்கும் வீட்டு வேலை என்றுதான் போட்டிருந்தது. படித்துக் காட்டினேன். "அப்ப அந்தக் கருவாட்டையெல்லாம் எவ காயப்போட்டாளாம்?" என்றார். கையைக் காட்டுங்கள் என்று கேட்டேன். கேட்டுத்தான் பார்த்தேன்.

தங்கமணிக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். கேட்பாரா தெரியவில்லை. உத்தரவு வந்ததும் எழுதுங்கள்.

அமிர்தலிங்கம்


தென்மாங்குடி
18-2-1974

டாக்டர் அவர்களுக்கு, அம்சவல்லி வணக்கமாய் எழுதுவது.

உத்தரவு வந்துவிட்டது. மனை எனக்கு. போன வியாழக்கிழமை கூப்பிட்டுக் கொடுத்தார்கள். பதினோரு பேரில் எட்டுப் பேருக்கு வந்தது. மூன்று பேருக்கு இன்னும் இழுக்கிறார்கள், அதற்கு மறுபடி மனு எழுதுகிறேன். பண்ணையில் அப்பீல் போகப் போவதாகப் பேச்சு. போகட்டும், நானும் வருகிறேன்.

பட்டா கொடுத்த இடத்தில் ஒரு கூத்து. குமாஸ்தா என் முகத்தைக் கூடப் பார்க்காமல் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்திக் காயிதத்தில் வைத்தார். வெறும் கறுப்புத் திட்டாக விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடி திட்டு. "என்னம்மா இது, ரேகையே விழல" என்று என்னிடம் கோபித்தார். "ரேகையெல்லாம் பண்ணை வயல்ல கெடக்கு, போய்ப் பொறுக்கிட்டு வாங்க. பேனா இருந்தா குடுங்க" என்றேன். கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயரும் போட்டேன்.

டியூப் தீர்ந்துபோனதால் முந்தாநாள் சுகாதார நிலையத்துக்குப் போனேன். புதிதாக ஒரு சின்ன டாக்டர். உங்களைவிடச் சின்னவர். நான் உட்காருமுன்பே தங்கமணி, "என்ன வேலம்மா பாக்குறீங்க?" என்று கேட்டார். தெரிந்துகொண்டே கேட்டார், சிரித்துக்கொண்டே கேட்டார். "நடவு, களை, அறுப்பு" என்றேன். எழுதினார். எட்டிப் பார்த்தேன். ரெஜிஸ்டரில் அந்தப் பக்கத்தில் புள்ளிகள் இல்லை. நடவு, அறுப்பு, செங்கல் சூளை, மீன் கூடை, பள்ளிக்கூட ஆயா என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு வேலை இருந்தது.

அதையே என் சீட்டிலும் தங்கமணி எழுத, சீட்டு புது டாக்டர் கைக்குப் போயிற்று. என் கையைப் பார்த்தார். கரப்பான் என்று சரியாகச் சொன்னார். பிறகு என்ன சொன்னார் தெரியுமா? "நாலு வாரத்துக்குத் தண்ணியில கை வைக்காதீங்க."

எனக்குக் கோபம் வந்ததே பாருங்கள், உச்சந்தலை வரைக்கும் ஏறிற்று. நீங்கள் இரண்டு மாதம் கூடுதலாக உழைத்து, நான் மூன்று வாரம் புண்ணை வளர்த்து, கடைசியில் அதே வார்த்தை. எழுந்திருக்கவில்லை. அந்தச் சீட்டை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"எழுதிருக்கத படிச்சிட்டுச் சொல்லுங்க டாக்டர்."

அவர் படித்தார். தொழில் என்ற இடத்தில் விரலை வைத்தார். அப்புறம், "அறுப்பு எப்ப முடியுது? குறுவைக்கு எப்ப எறங்குவீங்க?" என்று கேட்டார். சொன்னேன். இப்போது அறுப்பில் கை காய்ந்திருக்கிற நாளிலேயே நன்றாக ஆற்றிவிடலாம், குறுவைக்கு இறங்கும்போது எண்ணெய் பூசிக்கொள்ளலாம் என்றார். எண்ணெய் விஷயம் எனக்கு ஏற்கனவே தெரியும் என்று சொல்லவில்லை. பாவம், தானாகக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருந்தார்.

கை இப்போது பரவாயில்லை. என் கையாலேயே சாப்பிடுகிறேன். குறுவைக்குத் தண்ணீர் வந்து சேற்றில் இறங்கினால் மறுபடி வரும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வரட்டும். இனிமேல் என் மனையில் உட்கார்ந்து சொறிந்துகொள்வேன். எழுந்து போ என்று எவனும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
மு. அம்சவல்லி,
தொழில்: நடவு.